தகராறு என்னும் சொல்லுக்கு ஒரு வழக்குரை

தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழர்களாகிய நாம், மொழியைக் காப்பதில் ஊரில் இருப்போரினும் ஒரு படி மிகுந்த கவலை உடையவர்கள். அக்கவலை போற்றத்தக்கது. ஆயினும், காவல் மிகுந்த வீட்டில் கள்வன் கொல்லைப்புறமாக நுழைந்துகொண்டிருக்க, வாயிற்காவலர் வீட்டுக்கு உரியவரையே பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்பதும் உண்டு. ‘தகராறு’ என்னும் சொல்லின் நிலை நம்மிடையே இன்று அதுதான்.

கட்டுரைப் போட்டியில் ஒரு சிறுமி ‘தகராறு’ என்று எழுதினால் அதன்கீழ்ச் சிவப்பு மையால் கோடு விழுகிறது. மேடையில் ஒரு பேச்சாளர் வாய்தவறி அச்சொல்லைச் சொல்லிவிட்டால் முன்வரிசையில் முகங்கள் சுளிக்கின்றன. ‘பூசல் என்று சொல்லக்கூடாதா? பிணக்கு என்று சொல்லக்கூடாதா?’ என்று பின்னர்த் திருத்தமும் வருகிறது. அதே முன்வரிசையினர் வீடு திரும்பும் வழியில், ‘அவங்க ஃபேமிலியில் ஏதோ பிராப்ளமாம்’ என்று பேசிக்கொள்வதை மட்டும் எவரும் திருத்துவதில்லை.

அச்சொல்லின்மீது சாட்டப்படும் குற்றங்கள் மூன்று. அது அயற்சொல் என்பது ஒன்று. அது இந்திச் சொல் என்பது மற்றொன்று. அது தெருச்சொல், கற்றோர் நாவில் வரத்தகாதது என்பது மூன்றாவது. இவற்றுள் முதலாவது உண்மை. ஆனால் குற்றம் அன்று. இரண்டாவது பொய். மூன்றாவது, சொல்லைப் பற்றி எதுவும் கூறவில்லை. அப்படிக் கூறுவோரின் மனப்பாங்கையே கூறுகிறது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

பிறப்பும் வரவும்

அரபு மொழியில் ‘தக்ரார்’ என்றால் திரும்பச் செய்தல், திரும்பக் கூறுதல் என்பது பொருள். பாரசீகம் அதனை ஏற்றது. பாரசீகத்தின் வழியே இந்திய மொழிகள் பலவற்றில் அது புகுந்தது. உருதுவில் இன்றும் அச்சொல்லுக்கு மீண்டும் கூறல், வாக்குவாதம் என இரு பொருளும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் ‘தகராறு’ என்பதற்கு அரபு மூலத்தையே காட்டுகிறது. ஆகவே மூலம் பற்றி ஐயம் இல்லை.

‘தகர்’ என்றால் ஆட்டுக்கடா. ‘ஆறு’ என்றால் வழி. கடாக்கள் மோதிக்கொள்ளும் வழியே தகராறு என்று பிரித்துக் காட்டிக் கைதட்டல் பெறுவது எளிது. போரிடும் தகரை வள்ளுவரும் உவமையாக எடுத்தாண்டாரே என்று சான்றும் சேர்க்கலாம். ஆனால் சொல்லாராய்ச்சி கைதட்டலுக்காக நடப்பதன்று. வந்த சொல்லை வந்த சொல் என்று ஒப்புக்கொண்டே காக்க வேண்டும். பொய்யான பிறப்புச் சான்று வாங்கிக் கொடுத்துக் காப்பது சொல்லுக்கும் இழுக்கு, தமிழுக்கும் இழுக்கு.

திரும்பக் கூறுதல் எனும் பொருளுடைய சொல் சச்சரவைக் குறிக்க வந்தது எவ்வாறு? இதற்கு விடை காண அரபு நாட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. நன்னூல் பத்துக் குற்றங்களுள் ஒன்றாகக் ‘கூறியது கூறல்’ என்பதை வைத்திருக்கிறது. இருவர் வாதிடுவதைச் சற்று நேரம் நின்று கேளுங்கள். முதல் இரண்டு நிமிடத்திற்குள் இருவரும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருப்பர். அதன்பின் நடப்பது முழுவதும் கூறியது கூறலே. அவர் சொன்னதையே அவர் உரக்கச் சொல்வார். இவர் சொன்னதையே இவர் அதனினும் உரக்கச் சொல்வார். நன்னூலார் நூலுக்குக் குற்றமென வகுத்ததே வாழ்வில் தகராறாக நிற்கிறது.

இச்சொல் தமிழ்நாட்டுக்குள் தனியே வரவில்லை. ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் பாரசீகம் அலுவல் மொழியாக விளங்கியது. தஞ்சையில் 1676 முதல் மராட்டியர் ஆண்டனர். அவர்கள் மொழியிலும் பாரசீகச் சொற்கள் நிறைந்திருந்தன. நிலவரியும் வழக்கும் பேசப்பட்ட இடங்களிலிருந்து ஜில்லா, தாலுகா, தாசில்தார், வசூல், பாக்கி, ரசீது, அசல், நகல், ரத்து, ஜப்தி, வக்கீல், ராஜி எனச் சொற்கள் வரிசையாக ஊருக்குள் வந்தன. அவற்றோடு வந்ததே தகராறு. அரசிறை அலுவலகத்தின் திண்ணையில் முதலில் அமர்ந்தது. பிறகு வயல் வரப்புக்குப் போனது. பிறகு அடுக்களை வரையில் வந்துவிட்டது.

அயற்சொல் களைதலை நான் எள்ளி நகையாடுபவன் அல்லேன். மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் இல்லையேல், இன்றும் நம் சங்கங்களில் ‘அக்கிராசனர்’ தலைமை தாங்க, ‘காரியதரிசி’ அறிக்கை படிக்க, ‘பிரசங்கம்’ நடந்துகொண்டிருக்கும். தலைவர், செயலாளர், சொற்பொழிவு என்னும் சொற்கள் அவ்வியக்கத்தின் கொடை. ஆனால் அவ்வெற்றியின் காரணத்தை உற்று நோக்க வேண்டும். செயலாளர் என்ற சொல், காரியதரிசி என்ற சொல் செய்த பணி முழுவதையும் குறைவின்றிச் செய்தது, அதனால் நின்றது. பணியை ஏற்க ஆள் இருக்கும்போது பழைய ஆளை அனுப்பலாம். ஆள் இல்லாதபோது அனுப்பினால் வேலை நின்றுபோகும். தகராற்றை வெளியேற்ற விரும்புவோர் அதன் வேலை என்னவென்று முதலில் அறிந்திருக்க வேண்டும்.

இலக்கணம் இச்சொல்லை எப்படி நடத்துகிறது என்பதையும் காண்க. தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். வெளியிலிருந்து வருவனவற்றுக்கும் அவர் வீட்டில் இடம் வைத்தார். வருவது தமிழ் ஒலிக்கு இணங்கி வர வேண்டும் என்பதே அவர் விதித்த கட்டுப்பாடு. ‘தக்ரார்’ அவ்வாறே இணங்கியது. மெய்ம்மயக்கத்தை விட்டது, ஈற்றில் உகரம் பெற்றது, வரலாறு, கோளாறு என்பனவற்றின் ஓசையில் அமர்ந்து வல்லின றகரமும் ஏற்றது. வரலாறு ‘வரலாற்றில்’ என்றாவது போலவே தகராறும் ‘தகராற்றில்’ ஆகிறது. உயிர்த்தொடர்க் குற்றியலுகரத்தின் விதிக்குப் பணிந்து வேற்றுமை ஏற்கும் ஒரு சொல்லை இன்னும் எத்தனை தலைமுறைக்கு விருந்தாளி என்று அழைப்பது?

இந்திச் சொல்லா?

தில்லியில் வளரும் நம் பிள்ளைகள் இந்திச் செய்தியில் ‘தக்ரார்’ என்று கேட்கின்றனர். ஊரிலிருந்து வந்த பாட்டி ‘தகராறு’ என்கிறார். உடனே, பாட்டி இந்தி பேசுகிறார் என்று முடிவு கட்டப்படுகிறது. இது பெரும் பிழை. இந்தியிடமிருந்து தமிழ் இதனைக் கடன் வாங்கவில்லை. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பெற்றன. ஒரு தாத்தாவின் இரு பேரர்களைப் பார்த்து, ஒருவன் மற்றவனுக்கு மகன் என்று கூறுவார் உண்டோ?

இம்மூலத்தின் பேரர்கள் இந்தியாவெங்கும் பரவியிருக்கின்றனர். ஒவ்வொருவர் குணமும் வேறு. மும்பையில் வாழ்வோர் இதனை நன்கறிவர். மராத்தியில் ‘தக்ரார்’ என்றால் முறையீடு. முறையீட்டுப் பெட்டிக்கு ‘தக்ரார் பேட்டி’ என்று பெயர், முறையிடுபவர் ‘தக்ரார்தார்’. காவல் நிலையத்தில் ‘உமது தக்ரார் என்ன?’ என்று கேட்டால், புதிதாய் வந்த தமிழர் பதறிப்போய், ‘ஐயா, நான் தகராறு ஒன்றும் செய்யவில்லை’ என்று கைகூப்பக்கூடும். கேட்டவரோ, உமது குறையைக் கூறும் என்றுதான் கேட்டார்.

கன்னடத்தில் ‘தகராரு’ என்றால் பெரும்பாலும் மறுப்பு, தடை கூறல். ‘எனக்குத் தகராரு இல்லை’ என்று பெங்களூர் அண்டைவீட்டார் சொன்னால், எனக்கு மறுப்பு இல்லை, உம் விருப்பம்போல் செய்யும் என்பது கருத்து. மலையாளத்தில் ‘தகராறு’ மனிதரை விட்டுப் பெரும்பாலும் பொறியைப் பற்றிக்கொண்டது. மின்விசிறி சுழலவில்லையா, பேருந்து வழியில் நின்றதா, அதுவே அங்குத் தகராறு. இந்தியிலும் குசராத்தியிலும் வாய்ச்சண்டை.

தமிழ் இவற்றுள் எதனைக் கொண்டது? ஏறத்தாழ எல்லாவற்றையும் கொண்டது. ‘அவன் பணம் தரத் தகராறு செய்கிறான்’ என்னும்போது மறுப்பு. ‘மோட்டார் நேற்றிலிருந்து தகராறு செய்கிறது’ என்னும்போது கோளாறு. ‘பங்காளிகளுக்குள் தகராறு’ என்னும்போது உரிமை வாதம். ‘கடைவாசலில் தகராறு’ என்னும்போது கைகலப்புக்கு முந்திய வாய்ச்சண்டை. நான்கு மாநிலங்களில் பிரிந்து கிடக்கும் பொருள்களை ஒரே சொல்லில் வைத்து ஆளும் மொழி நம்முடையது. இதனையா வறுமை என்று எண்ணி வெட்கப்படுவது?

பூசலும் பிணக்கும் போதாவா?

மாற்றாகக் கூறப்படும் சொற்களை இனி உரைத்துப் பார்ப்போம். ‘வரப்புத் தகராறு’ என்பதை எடுத்துக்கொள்வோம். இரண்டு வயலுக்கு நடுவே ஒரு முழ அகல மண். அது எவருடையது என்பதில் இரு குடும்பங்களுக்கு ஒப்புதல் இல்லை.

இதனை ‘வரப்புச் சண்டை’ எனலாமா? எனலாம், ஆனால் அப்போது மண்வெட்டி உயர்ந்துவிட்டது என்று பொருள். வரப்புத் தகராறு இருபது ஆண்டுகள் ஒரு கல்லும் எறியப்படாமல் இருக்கக்கூடும். ‘வரப்புப் பிணக்கு’ எனலாமா? பிணக்கு மனிதர்க்கிடையே உள்ள உறவின் முறிவு, பேச்சில்லாமை. இவ்விரு குடும்பங்களோ ஒருவர் வீட்டுத் திருமணத்திற்கு மற்றவர் சென்று மொய் எழுதிவிட்டு வந்திருக்கலாம். தகராறு வரப்பில் இருக்கிறது, பந்தியில் இல்லை. ‘வரப்புப் பூசல்’ எனலாமா? பூசல் பண்டைக்காலத்தில் போரையும் ஆரவாரத்தையும் குறித்தது. இன்று அது கட்சிக்குள் அணி பிரிவதைக் குறிக்கவே பெரிதும் பயன்படுகிறது. ‘வழக்கு’ எனலாமா? வழக்கு என்றால் மன்றம் ஏறிவிட்டது. ‘வம்பு’ எனலாமா? வம்பு என்றால் ஒருவன் காரணமின்றி வலிய இழுத்தான் என்று தீர்ப்பே கூறிவிட்டோம்.

ஆகத் தகராறு என்பது என்ன? இரு தரப்பு உண்டு. இரு தரப்புக்கும் சொல்வதற்கு ஏதோ உண்டு. இடையே சுட்டிக் காட்டத்தக்க ஒரு பொருள் உண்டு. அது இன்னும் தீரவில்லை. இந்நான்கும் ஒருங்கே அமைந்த நிலைக்குப் பெயர் தகராறு. இதனாலேயே ‘தகராறு’ என்று காதில் விழுந்தவுடன் எந்தத் தமிழரும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்: ‘யாருக்கும் யாருக்கும்?’ ‘எதுக்காக?’ இவ்விரு கேள்விகளையும் தன்னுள் கொண்டிருப்பதே அச்சொல்லின் வலிமை.

தெருச்சொல் என்போர்க்கும் இங்கேயே விடை உண்டு. 1947-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மைய அரசின் தொழிலாளர் சட்டம் ஒன்றினைத் தமிழகத் தொழிற்சங்கத்தார் ‘தொழில் தகராறுகள் சட்டம்’ என்றே தமிழில் வழங்கிவந்தனர். அச்சட்டத்தின்படி ஒரு தொழிலாளி ‘தகராறு எழுப்பினான்’. தகராறு செய்தல் வேறு. தகராறு எழுப்புதல் வேறு. முன்னது ஒழுங்கீனமாகக் கருதப்படலாம், பின்னது உரிமை. கூலி குறைந்தது, ஆட்குறைப்பு நேர்ந்தது என்று ஒருவன் முறைப்படி எழுப்பிய வாதத்தைக் கேட்க நடுவர் மன்றம் இருந்தது. ஆலைகளை நம்பி ஊரைவிட்டு மும்பைக்கும் பிற நகரங்களுக்கும் சென்ற தமிழ்க் குடும்பங்களின் வாழ்வு அவ்வொரு சொல்லைப் பற்றிக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. உழைத்தவனுக்கு உரிமை தந்த சொல்லைத் தெருச்சொல் என்று ஒதுக்குவோர், தெருவில் நடந்தே அலுவலகம் சென்ற தம் பாட்டனாரையும் ஒதுக்குகிறார்கள்.

முன்னோர் வகுத்த படிகள்

பகையிலும் மாறுபாட்டிலும் எத்தனை படிகள் உள்ளன என்று நம் முன்னோர் நுணுகி அறிந்திருந்தனர். திருக்குறளில் இகல் ஓர் அதிகாரம். உட்பகை வேறோர் அதிகாரம். காமத்துப்பாலில் புலவி வேறு, புலவி நுணுக்கம் வேறு, ஊடலுவகை வேறு. நூலின் இறுதி முப்பது குறள்களும் கணவன் மனைவியரிடையே தோன்றி மறையும் மாறுபாட்டைப் பற்றியவை. ஊடல் உணவில் இடும் உப்பைப் போன்றது. அளவு கடந்தால் கெடும் என்பது அவர் கருத்து. உலகினர்க்கெல்லாம் அறம் கூறிய பெரியார் ஒருவர் தம் நூலைச் சச்சரவில் கொண்டுபோய் முடித்தார் என்றால், சச்சரவுக்குச் சரியான பெயர் இடுவதை அவர் சிறு செயலாகக் கருதவில்லை என்பது தெளிவு.

தமிழ்ச்சொல்லாயின் பொருள் மாறாது, அயற்சொல்லே நிலையற்றது என்பாரும் உளர். அவர்கள் வம்பு என்னும் சொல்லைப் பார்க்க வேண்டும். தொல்காப்பியர் உரியியலில் அதற்கு நிலையாமை என்ற பொருளைக் கூறுகிறார். சங்கப் பாடல்களில் ‘வம்பலர்’ என்போர் வழிநடைச் செல்லும் புதியவர். பாலை நிலத்தில் ஆறலைப்போரின் அம்புக்கு இலக்கானவர். புதுமையையும் நிலையாமையையும் குறித்த வம்பு, காலப்போக்கில் வீண்சண்டைக்கும் ஊர்ப்பேச்சுக்கும் பெயராயிற்று. அரபுத் தக்ரார் மாறியதைவிட இம்மாற்றம் சிறிதோ? பிற மாநிலத்தில் குடியேறி வாழும் நாம் இச்சொல்லின்முன் சற்று நிற்கலாம். நாம் இன்றைய வம்பலர். புதியவனையும் தொல்லையையும் ஒரே சொல்லால் குறிக்கும் பழக்கம் எந்த ஊரிலும் உண்டு என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

சொல்லின் எல்லை

இதுகாறும் தகராற்றுக்காக வாதாடினேன். இனி அதன் பெயரால் நடக்கும் அநீதிக்கு எதிராக வாதாட வேண்டும். இரு தரப்பு உண்டு என்று அச்சொல் கூறுகிறது. இரு தரப்பு இல்லாத இடத்தில் அதனைச் சொன்னால் அது பொய்ச்சான்று ஆகிவிடும்.

‘குடும்பத் தகராற்றில் மனைவி கொலை’ என்று நாளிதழில் படிக்கிறோம். கத்தி ஒருவன் கையில். காயம் ஒருத்தி உடலில். எதிரே நின்று இவளும் சரிக்குச் சரி தாக்கியது போன்ற தோற்றத்தை அத்தலைப்பு உண்டாக்குகிறது. 2005-ஆம் ஆண்டில் பெண்களைக் காப்பதற்கென இயற்றப்பட்ட சட்டம் இதனைக் குடும்ப வன்முறை என்றே கூறுகிறது. சட்டம் கண்டுகொண்ட வேறுபாட்டை நம் பேச்சு இன்னும் கண்டுகொள்ளவில்லை. மகள் கணவன் வீட்டில் அடிபடுகிறாள் என்று தெரிந்தும் ‘புருஷன் பெண்டாட்டித் தகராறு, தானாகச் சரியாகும்’ என்று சொல்லி மறுவண்டியில் திருப்பி அனுப்பும் பெற்றோர் நம்மிடையே இல்லையா?

கீழ்வெண்மணியை நினையுங்கள். கூலி உயர்வு கேட்டதில் எழுந்தது தகராறு. அது முறையான தகராறு. உழைப்பவர் எழுப்பத்தக்க தகராறு. 1968 டிசம்பர் 25 இரவில் குடிசைக்குள் வைத்து 44 உயிர்களை எரித்தது தகராறு அன்று, படுகொலை. தொடக்கத்தின் பெயரை முடிவுக்கும் இட்டு, அதனைக் கூலித் தகராறு என்று சொல்லி நிறுத்துவது, எரித்தவனையும் எரிந்தவரையும் ஒரே பலகையில் அமர வைப்பதாகும்.

பெங்களூர்த் தமிழர்க்கு வேறோர் எடுத்துக்காட்டே போதும். ஆற்றுநீரைப் பங்கிடுவதில் இரு மாநிலங்களுக்கு இடையே உள்ளது தகராறு. அதனைத் தீர்க்கச் சட்டம் 1956-இல் வந்தது. நடுவர் மன்றம் 1990-இல் அமைந்தது. இறுதித் தீர்ப்பு 2007-இலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2018-இலும் வந்தன. ஆனால் 1991 டிசம்பரில், மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரிலும் கருநாடகத்தின் தென்பகுதியிலும் தமிழ்க் குடும்பங்களின் வீடும் கடையும் தாக்கப்பட்டனவே, அதற்கு என்ன பெயர்? அதனை அங்குப் பேச்சுவழக்கில் ‘காவேரி கலாட்டே’ என்றே குறிப்பிடுவதுண்டு. நம்மவரும் ‘அந்தக் கலாட்டா நடந்த வருஷம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வகுப்பில் ஆசிரியர் இல்லாதபோது பிள்ளைகள் எழுப்பும் இரைச்சலும் கலாட்டா. இரவோடிரவாக ஒரு குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு தொடர்வண்டி நிலையத்திற்கு ஓடியதும் கலாட்டாவா? ஒரு சொல்லைச் சிறிதாக்கிச் சொல்வதால் அச்சம் குறையலாம், உண்மை குறையாது. அதனைக் கலவரம் என்று சொல்வோம். நீர்ப்பங்கீட்டைத் தகராறு என்று சொல்வோம். இரண்டையும் கலந்தால், நேர்மையாகத் தகராறு எழுப்பும் அண்டை மாநிலத்து உழவரையும் வீட்டுக்குத் தீயிட்டவனையும் ஒன்றாக்கிவிடுவோம். அது அவ்வுழவர்க்கும் அநீதி.

கொல்லைப்புறக் கள்வன்

தொடக்கத்தில் கொல்லைப்புறமாக நுழையும் கள்வனைக் குறிப்பிட்டேன். அவன் பெயர் ‘பிராப்ளம்’.

நம் வீடுகளில் இன்று எல்லாமே பிராப்ளம். அண்ணன் தம்பி பேசாதிருந்தால் பிராப்ளம். ஊரில் உள்ள வீட்டைப் பங்கிடவில்லை என்றால் பிராப்ளம். குலதெய்வக் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்பது பிராப்ளம். முதிர்ந்த தாய் யாரிடம் இருப்பது என்பதும் பிராப்ளம். சங்கத் தேர்தலில் அணி பிரிந்து ஒரே நகரில் இரண்டு பொங்கல் விழா நடந்தால், அங்கு மட்டும் நயமாகக் ‘கருத்து வேறுபாடு’ என்று சொல்லிக்கொள்வோம். பிள்ளைகளோ அடுத்த படி சென்று, விளையாட்டில் தள்ளிவிட்டதையும் ‘ஃபைட்’ என்கின்றனர். நண்பன் முகம் திருப்பிக்கொண்டதையும் ‘ஃபைட்’ என்கின்றனர்.

பிராப்ளம் அயற்சொல் என்பதற்காக நான் அதனைச் சாடவில்லை, தகராறும் அயற்சொல்லே. பிராப்ளத்திற்கு ஆள் இல்லை என்பதற்காகச் சாடுகிறேன். அது மழைபோல் வானத்திலிருந்து விழுகிறது. ‘ஊர் வீட்டு விஷயத்தில் ஒரு பிராப்ளம்’ என்று சொன்னால், யாருக்கும் யாருக்கும் என்று எவரும் கேட்பதில்லை. எதற்காக என்றும் கேட்பதில்லை. கேளாத கேள்விக்கு விடையும் வருவதில்லை. தங்கைக்குரிய பங்கை எழுதிக் கொடுக்காத அண்ணன், பிராப்ளம் என்ற சொல்லுக்குள் வசதியாக மறைந்துகொள்கிறார். பாகத்தைக் கேட்கும் தங்கையோ, பிராப்ளம் செய்பவள் ஆகிவிடுகிறாள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழகம் 1989-இல் செய்த திருத்தமும், நாடு முழுமைக்குமாக 2005-இல் வந்த திருத்தமும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமை தந்தன. உரிமை வந்துவிட்டது, அதனைக் கேட்கும் சொல் வீட்டுக்குள் வரவில்லை. ‘எனக்கும் உனக்கும் இந்த வீட்டைப் பற்றித் தகராறு இருக்கிறது, உட்கார்ந்து பேசுவோம்’ என்று அவள் கூறும் நாளில், அவள் வம்புக்காரி அல்லள், ஒரு தரப்பு.

ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்கு இது மிகவும் வேண்டும். ஊரில் இருப்போர் நாள்தோறும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கின்றனர். டீக்கடையிலோ கோயில் வாசலிலோ ஒரு பெரியவர் குறுக்கிட்டு இருவரையும் அமர்த்திப் பேசவைப்பார். நாமோ ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் செல்கிறோம். பத்து நாட்களில் திருமணம், கோயில், உறவினர் வீடு எல்லாம் முடித்துப் பெட்டி கட்ட வேண்டும். பிராப்ளத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பது எளிது. அவ்வாறு ஒத்திவைத்து ஒத்திவைத்து, பேசித் தீர்த்திருக்க வேண்டிய தலைமுறை மறைந்துபோகிறது. பிள்ளைகளுக்குப் பெரியப்பா மக்கள் யாரென்றே தெரியாத நிலை வருகிறது. சொத்தும் போய், சுற்றமும் போய், அதற்குக் காரணம் என்னவென்று கேட்டால் ‘ஏதோ பிராப்ளம்’ என்ற விடை மட்டும் எஞ்சுகிறது.

தகராற்றோடு அதே வண்டியில் வந்த மற்றொரு சொல்லையும் மறவாதீர்கள். அது ‘ராஜி’. இசைவு என்னும் பொருளுடைய அரபுச் சொல் அது. ‘இரு தரப்பும் ராஜியாயிற்று’ என்று சிற்றூர்களில் சொல்வர். தகராற்றையும் ராஜியையும் தமிழர் ஒருங்கே ஏற்றனர். ஒன்றுக்கு மருந்தாக மற்றொன்றை வைத்திருந்தனர். தகராறு என்று பெயரிட்டதை ராஜி செய்யலாம். பிராப்ளத்தை ராஜி செய்த தமிழர் எவரும் உண்டோ?

ஆகவே சங்கப் பெரியோர்க்கும், வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் அன்பர்க்கும் என் வேண்டுகோள் இது. சிவப்பு மையைத் தகராற்றின்கீழ்ச் செலவிட வேண்டா. ஒரு நாள் வகுப்பில் ஊடல், பிணக்கு, மனத்தாங்கல், சச்சரவு, வம்பு, தகராறு, சண்டை, பூசல், கலவரம், வன்முறை, போர் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதுங்கள். சென்ற கிழமை தமக்கு நேர்ந்தது இவற்றுள் எது என்று ஒவ்வொரு பிள்ளையையும் சொல்லச் சொல்லுங்கள். தம்பியிடம் கோபித்துக்கொண்டு உண்ணாமல் படுத்த சிறுவன், அது சண்டை அன்று, பிணக்கு என்று கண்டுகொள்வான். பள்ளியில் நாள்தோறும் ஒருவனால் அடிபடும் பிள்ளை, அது ‘ஃபைட்’ அன்று, வன்முறை என்று முதன்முறையாகச் சொல்லக்கூடும். அதனைக் கேட்கும் ஆசிரியர் செய்ய வேண்டியது தமிழ்ப் பாடத்தோடு முடிந்துவிடாது.

வீட்டிலும் தொடங்குங்கள். இவ்வாண்டு ஊருக்குச் செல்லும்போது பத்து நாட்களில் ஒரு நாளை ஒதுக்கிவையுங்கள். அண்ணனையோ தங்கையையோ அழைத்து உட்காரவைத்து, நமக்குள் இருக்கும் தகராறு இன்னது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர்களும் தம் தரப்பைச் சொல்லட்டும். கூறியது கூறலாகப் போகும் அளவுக்குப் பேச்சு நீண்டால், ஒரு பெரியவரை நடுவில் வையுங்கள். சொல் அரபு நாட்டிலிருந்து வந்தது என்று அப்போது எவரும் குறை கூறமாட்டார்.